பப்பியின் இருபத்தோரு வருடங்கள்

தம்பி,

நீ சென்னைக்குத் திரும்பிப் பத்து நாள் ஆகிறது. தினமும் சாயங்காலம் போனில் பேசத்தான் செய்கிறோம், பிறகு எதற்குக் கடிதம் என்று உனக்குத் தோன்றும். போனில் இதைச் சொல்ல மூன்று முறை ஆரம்பித்தேன். மூன்று முறையும் அங்கே மழை உண்டா, மருமகள் சாப்பிட்டாளா, ஸ்கேன் எடுத்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். வாயால் சொன்னால் பாதியில் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன் என்று எனக்கே தெரிகிறது. அதனால் உன் பழைய பரீட்சை அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நிதானமாகப் படி. முடிந்தால் தனியாக இருக்கும்போது படி.

பப்பியைப் புதைத்துவிட்டு, கைகால் கழுவிக்கொண்டு வந்து கொல்லைப் படியில் உட்கார்ந்திருந்தோமே, அப்போது நீ ஒரு வார்த்தை சொன்னாய். "எனக்குப் பொறக்கப்போற புள்ளைக்கு நான் உங்கள மாதிரி ஒரு அப்பாவா இருந்தாப் போதும்பா. காணாமப்போன பப்பிய ஒன்பது நாள் தேடினீங்களே. வேற யாரா இருந்தாலும் ரெண்டாம் நாளே விட்டிருப்பாங்க." நான் பதில் சொல்லவில்லை. துக்கத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்து நீ என் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போனாய். துக்கம் இருந்தது உண்மைதான். பேச்சு வராததற்குக் காரணம் வேறு. அதைத்தான் எழுதப்போகிறேன்.

பப்பி வந்த நாள் உனக்கு நன்றாக நினைவிருக்கும். உனக்கு அப்போது ஏழு வயது. பள்ளிக்கூட பஸ்ஸிலிருந்து இறங்கி, மழையில் நனைந்துகொண்டே, புத்தகங்களைக் கையில் பிடித்தபடி வந்தாய். பைக்குள் அவள் இருந்தாள். நம் நெய்வேலி பிளாக் மதகுக்கு அடியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்ததாம், மற்றக் குட்டிகள் எல்லாம் போய்விட்டனவாம். நான் முதல் ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்கி எழுந்திருந்தேன். "ஒரு வாரம் வெச்சுக்க, அப்புறம் யாராவது கேட்டாக் குடுத்துடணும்" என்றேன். நல்ல பெயராக யோசித்து வைக்கிறேன், அதுவரை பப்பி என்று கூப்பிடலாம் என்றாய். நீ யோசித்து முடிக்கவே இல்லை. உன் அம்மாதான் பிடிவாதமாக அவளைத் தூக்கிப்போய்த் தடுப்பூசி போட்டு அட்டை வாங்கி வந்தாள். பெயர் பப்பி, பெண், நாட்டு நாய், வயது இரண்டு மாதம் என்று அதில் எழுதியிருந்தது. ஒரு வாரம் என்று நான் சொன்னதை வீட்டில் யாருமே மறுபடி பேசவில்லை. அவள் என் ஷிப்ட்டுகளைக்கூடக் கற்றுக்கொண்டாள். நான் எந்த வேளைக்கு மைன்ஸிலிருந்து திரும்பினாலும் கேட் அருகே அவள் இருப்பாள். அப்போது எனக்கு அவள் மேல் பெரிய பிரியம் இருந்தது என்று சொன்னால் அது பொய். வீட்டில் ஒரு நாய் இருந்தது, அவ்வளவுதான்.

உனக்குப் பதினொரு வயது ஆனபோது எதிர்க் குவார்ட்டர்ஸுக்கு எங்கள் ஷிப்ட் இன்சார்ஜ் குடிவந்தார். பெயர் வேண்டாம். கெட்ட மனிதர் இல்லை. ஒருநாள் காலையில் பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டில் நின்று, "நைட் ஷிப்ட் முடிச்சுட்டு வந்து கண்ண மூடினா உங்க நாய் கொலைக்குது சார். ஏதாவது பண்ணுங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்துத் தலையாட்டினேன். ஆனால் எனக்கு அது சாதாரணமாகப் படவில்லை. உனக்குத் தெரியும், நான் திருவதிகைப் பக்கம் மணிலாக்கடலை போட்டுக்கொண்டிருந்த குடும்பத்தில் பிறந்தவன். எட்டு வருஷம் காண்ட்ராக்டில் கிடந்து பிறகுதான் பர்மனென்ட் ஆனேன். பர்மனென்ட் ஆன பின்னும் மேலே உள்ளவர் எதிரில் வந்தால் என் கால் இரண்டும் தானாக ஒட்டிக்கொள்ளும். அதோடு அந்தச் சமயம் நான் ஜெனரல் ஷிப்ட் கேட்டு எழுதிக் கொடுத்திருந்தேன். கன்வேயர் பெல்ட் செக்‌ஷனில் மூன்று ஷிப்டும் மாறி மாறிப் பார்த்து முதுகு போயிருந்தது. சாயங்காலம் வீட்டில் இருக்கலாம், உன் பாடத்தைப் பார்க்கலாம் என்று ஆசை. அந்தத் தாளில் அவர் கையெழுத்துப் போடவேண்டும். அவர் அதையும் இதையும் சேர்த்துப் பேசவே இல்லை. நான்தான் இரண்டையும் முடிச்சுப் போட்டேன்.

இரண்டாம் ஷிப்ட் வாரம் அது. காலையில் நீ பள்ளிக்கூடம் போய்விட்டாய், அம்மா வடலூரில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தாள். என்னோடு வேலைபார்த்த ஒருவன் தன் வெள்ளை வேனில் சேத்தியாத்தோப்புக்கு அரிசி மூட்டை ஏற்றக் கிளம்பினான். நானும் வருகிறேன் என்று பப்பியை ஏற்றிக்கொண்டேன். அப்போதெல்லாம் அவளுக்கு வண்டி என்றால் கொள்ளைப் பிரியம், நான் கூப்பிடுவதற்கு முன்பே ஏறிவிட்டாள். மூட்டை ஏற்றி முடித்ததும் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். அவள் கழுத்துப் பட்டையைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். பேக்கரியில் ஒரு பன் வாங்கிப் பிய்த்துத் தாளில் வைத்தேன். அவள் குனிந்து தின்ன ஆரம்பித்ததும் வேனில் ஏறிக் கதவைச் சாத்தினேன்.

ஆமாம் தம்பி. பப்பி கேட்டைத் தாண்டி ஓடிப்போகவில்லை. நான்தான் கொண்டுபோய் விட்டேன்.

இன்னும் இருக்கிறது. கதவுச் சத்தம் கேட்டு அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் ஏறினால் அவளும் ஏறவேண்டும், அதுதான் அவளுக்குத் தெரிந்தது. தின்பதை விட்டுவிட்டு வண்டிக்குப் பின்னால் ஓடிவந்தாள். கொஞ்ச தூரத்தில் ஒரு கத்தல் கேட்டது. ஓட்டிக்கொண்டிருந்தவன் கண்ணாடியில் பார்த்தான். "சைக்கிள்ல மாட்டிக்கிச்சு போலருக்கு. நிறுத்தட்டுமா?" என்றான். "வேணாம், போ" என்றேன். அன்றைக்கு இரண்டாம் ஷிப்டுக்கு நேரத்துக்குப் போய்விட்டேன்.

அடுத்த நாளிலிருந்து நடந்ததெல்லாம் உனக்குத் தெரிந்த கதை. ஆனால் நீ பார்த்தது ஒரு பக்கம், நான் பார்த்தது வேறு பக்கம். நோட்டில் தாள் கிழித்து ஸ்கெட்ச் பேனாவால் 'பப்பியைக் காணவில்லை, செவலை நிறம், மூக்கு மட்டும் கறுப்பு' என்று எழுதி, சோற்றுப் பசை தடவி, பஸ் நிறுத்தம் பஸ் நிறுத்தமாக ஒட்டினாய். பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பிளாக்காகப் போனாய். நான் ஷிப்டுக்கு லீவு சொன்னேன். நாயைத் தேடுவதற்கு லீவு போட்டார் அப்பா என்று நீ எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாய். உன் முகத்தைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போய் பெல்ட் பக்கத்தில் நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை, அதனால் போட்ட லீவு அது. மூன்றாவது நாள் நீ என் ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்தாய். "நீங்க கூப்டுங்கப்பா. ஒங்க சத்தம்தான் அவளுக்கு நல்லாத் தெரியும். ஒங்க சத்தம் கேட்டா வந்துடுவா" என்றாய். நான் கூப்பிட்டேன். தெருத்தெருவாக வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பி, பப்பி, பப்பி என்று தொண்டை கம்மும்வரை கூப்பிட்டேன். அவள் அங்கே எங்கேயும் இல்லை என்று தெரிந்தே கூப்பிட்டேன். ஒவ்வொரு முறை நான் கூப்பிட்டதும் நீ மூச்சை அடக்கிக்கொண்டு காதுகொடுப்பது என் முதுகுக்குத் தெரிந்தது. என் வாழ்க்கையில் பல இடங்களில் தலைகுனிந்திருக்கிறேன், காண்ட்ராக்டர்களிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். அந்த ஸ்கூட்டரில் இருந்ததைப் போல ஒருநாளும் இருந்ததில்லை. அப்போதும் வாய் திறந்து சொல்லவில்லை.

எட்டாம் நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது நீ சாப்பிடாமல் எழுந்து போனாய். உன் அம்மா என் தட்டில் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். புடவை மடிப்பிலிருந்து பப்பியின் கழுத்துப் பட்டையை எடுத்துக் கீழே வைத்தாள். என் டியூட்டி பேன்ட்டைத் துவைக்கப் போட்டபோதே எடுத்திருக்கிறாள். ஐந்து நாளாக வைத்துக்கொண்டு, நானே சொல்கிறேனா என்று பார்த்திருக்கிறாள்.

"எங்க விட்டீங்க?" என்றாள்.

"சேத்தியாத்தோப்பு."

"ஏன்?"

சொன்னேன். எதிர்வீட்டுக்காரர், ஜெனரல் ஷிப்ட், எல்லாம். சொல்லச் சொல்ல அது எவ்வளவு சின்ன விஷயம் என்று எனக்கே தெரிந்தது. அவள் திட்டவில்லை. "நாளைக்குக் காலையிலயே போங்க. அவ இல்லன்னா, விட்ட எடத்தையாவது நின்னு பார்த்துட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் பஸ்ஸில் போனேன். பேக்கரிக்கு இரண்டு கடை தள்ளி ஓர் அம்மா இட்லிக்கடை போட்டிருந்தாள். அந்தக் கடையின் பெஞ்சுக்கு அடியில் பப்பி படுத்திருந்தாள். பின்னங்கால் ஒன்றில் துணி சுற்றியிருந்தது, மஞ்சள் கறை. நான் அருகே போவதற்குள் அந்த அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"வெள்ள வண்டில வந்தவருதானே?" என்றாள். "பன்னு வாங்கிப் போட்டுட்டு ஏறிப் போனீங்களே, நான் பாத்துகினுதான் இருந்தேன். சைக்கிளு ஏறிக் காலு ஒடிஞ்சி கத்திகினு கெடந்துச்சிங்க. மஞ்சா அரைச்சி நான்தான் கட்டுனேன்."

"தேடிச்சாம்மா?" என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று இன்றுவரை தெரியாது.

"ஒங்களத் தேடலீங்க. வண்டியத்தான் தேடுச்சி. வெள்ளையா எது வந்தாலும் எழுந்து நொண்டிகினு ரோட்டாண்ட போவும். பாத்துட்டு, இல்லன்னு தெரிஞ்சதும் திரும்பி வந்து படுத்துக்கும். ஒரு நாளிக்கி எத்தினி வெள்ள வண்டி ஓடுது இந்த ரோட்டுல. அத்தினி தடவையும் போவும்." பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்துச் சொன்னாள். "இட்டுகினு போறதா இருந்தா இட்டுகினு போங்க. மறுக்கா எங்கனா உடறதா இருந்தா இங்கயே இருக்கட்டும். எங்க வூட்டுல ரெண்டு இட்லிக்கிப் பஞ்சம் இல்ல."

"விடமாட்டேம்மா" என்றேன். பப்பி என் குரலைக் கேட்டதும் எழுந்து வந்தாள். கோபம், பயம் ஒன்றுமில்லை. தலையை என் முழங்கால்களுக்கு நடுவே நுழைத்து அப்படியே நின்றாள். ஆட்டோ பிடித்தேன். அதைப் பார்த்ததும்தான் அவள் உடம்பு நடுங்க ஆரம்பித்தது. ஏறவே மாட்டேன் என்றாள். துண்டில் சுற்றித் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். நெய்வேலி வரும்வரை நடுங்கிக்கொண்டே வந்தாள், என் வேட்டியை நனைத்துவிட்டாள். அதுதான் அவள் கடைசியாக ஏறிய வண்டி.

நீ கேட்டில் நின்றுகொண்டிருந்தாய். அவளைப் பார்த்ததும் ஓடிவந்து, அவளைக்கூடத் தொடாமல் முதலில் என் இடுப்பைக் கட்டிக்கொண்டாய். எங்கேப்பா இருந்தா என்றாய். சேத்தியாத்தோப்பில் என்றேன். "அவ்ளோ தூரமா? அங்கல்லாம் போய்த் தேடுனீங்களா?" என்றாய். நான் "ம்" என்றேன். பதினேழு வருஷமாக நம் இருவருக்கும் நடுவில் இருக்கிற பொய் அந்த ஓர் எழுத்துதான். அதற்கு மேல் நான் ஒன்றும் கட்டிச் சொல்லவில்லை. மீதியை எல்லாம் நீயே கட்டிக்கொண்டாய். எங்கெல்லாம் போயிருப்பேன், யார் யாரிடம் கேட்டிருப்பேன் என்று. நான் மறுக்காமல் இருந்தேன். ராத்திரி உன் அம்மா, "இப்ப சொல்லிடாதீங்க. சின்னப் புள்ள, தாங்கமாட்டான். கொஞ்சம் பெரியவனானதும் நீங்களே சொல்லிடுங்க" என்றாள். எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. எதையும் 'அப்புறம்' என்று தள்ளிவைக்கச் சொன்னால் எனக்கு உடனே தூக்கம் வந்துவிடும்.

அவள் கால் சரியாகக் கூடவில்லை. அந்த நொண்டல் கடைசிவரை இருந்தது. தொலைந்த இடத்தில் எங்கேயோ அடிபட்டது என்றுதான் நீ நினைத்தாய். வண்டியைக் கண்டால் அவள் சுவரோரம் ஒட்டிக்கொள்வதும் அதனால்தான் என்று சொல்வாய். சரிதான், காரணம் அதேதான். முதல் இரண்டு வருஷம் நான் அவளைப் பார்த்துக்கொண்டதெல்லாம் குற்றவுணர்ச்சியில். ஷிப்ட் முடிந்து வந்ததும் காலுக்கு எண்ணெய் தடவுவேன், நொண்டி நடப்பதைப் பார்த்தால் எழுந்து போய்த் தூக்கிக்கொள்வேன். அப்புறம் எந்த நாளில் அது மாறியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு கட்டத்தில் அவள் தூங்கும்போது வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடித்துப்போயிற்று. ஜெனரல் ஷிப்டும் இரண்டு மாதத்தில் கிடைத்தது. வரிசைப்படி எல்லாருக்கும் கிடைப்பதுபோல எனக்கும் கிடைத்தது. அதற்கும் நாய்க்கும் ஒரு சம்பந்தமும் இருக்கவில்லை.

நான் ரிட்டயர் ஆகி குவார்ட்டர்ஸைக் காலி செய்த நாளை நினைத்துப் பார். நீ புதிதாக வேலைக்குச் சேர்ந்து, சாமான் ஏற்ற லீவு எடுத்துக்கொண்டு வந்திருந்தாய். அவளுக்குப் பதினைந்து வயது. வடலூர் வீட்டுக்கு நான் அவளை நடத்திக் கூட்டிப்போகிறேன் என்றதும் நீ தலையில் அடித்துக்கொண்டாய். "அரை மணி நேரம்பா. தூக்கி லாரில வெச்சா முடிஞ்சுபோச்சு. கொஞ்சம் நடுங்குவா, அப்புறம் சரியாயிடுவா" என்றாய். நான் கேட்கவில்லை. விடிந்ததும் கிளம்பினோம். டவுன்ஷிப் மரநிழல் முடியும்வரை அவளே நடந்தாள். ரோட்டுக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டாள். தோளில் தூக்கிக்கொண்டேன். கொஞ்ச தூரம் தோளில், கொஞ்ச தூரம் நடை, நடுவில் டீக்கடையில் அவளுக்குத் தண்ணீர். நாங்கள் போய்ச் சேரும்போது நீங்கள் கட்டில் எல்லாம் போட்டு முடித்துச் சாப்பிட உட்கார்ந்திருந்தீர்கள். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய், ஆனால் கண் கலங்கியிருந்தது. அந்தக் கதையையும் நீ உன் கல்யாணத்தில் எல்லாரிடமும் சொன்னாய். அவளை ஒரு வண்டியில் ஏற்றி நடுங்கவைக்க இந்த ஊரில் யாருக்கு உரிமை இருந்தாலும் எனக்கு இல்லை என்பதை அன்றைக்கு உன்னிடம் எப்படிச் சொல்வது? நீ அதையும் என் பெருமையில் சேர்த்துவிட்டாய்.

அவள் இவ்வளவு காலம் இருப்பாள் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. பதினேழில் கண் போனது, பத்தொன்பதில் காது. சுவரை மூக்கால் தொட்டுத் தொட்டு வீடு முழுக்கச் சுற்றிவருவாள். உன் அம்மா கதவு மூலைகளுக்கெல்லாம் பழைய துணி சுற்றிவைத்தாள், வழுக்காமலிருக்கக் கோணி விரித்தாள். தயிர்சாதம், வேகவைத்த முட்டை, பல் போனபின் எல்லாவற்றையும் பிசைந்து ஊட்டுவது. நீ சென்னைக்கு வந்து இருங்கள் என்று கூப்பிடும்போதெல்லாம் அவளை யார் பார்ப்பார்கள் என்று நான் மறுத்ததும், "இன்னும் எத்தன வருஷம்பா?" என்று நீ ஒருமுறை அலுத்துக்கொண்டதும், மறுநாளே போன் செய்து மன்னிப்புக் கேட்டதும் எனக்கு நினைவிருக்கிறது. நீ கேட்டதில் தப்பே இல்லை. நானும் சில நாள் காலையில் அவள் பக்கத்தில் குனிந்து மூச்சு இருக்கிறதா என்று பார்க்கும்போது, இல்லாவிட்டால் நல்லது என்று நினைத்திருக்கிறேன். உடனே அவள் வாலை ஒருமுறை தரையில் தட்டுவாள்.

போன பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது கால்நடை டாக்டரம்மா ஒரு பத்திரிகைக்காரரைக் கூட்டிவந்தாரே. "நாட்டு நாய் இருபத்தோரு வயசுன்னு சொன்னா நம்பமாட்டாங்க சார், அந்த அட்டையக் காட்டுங்க" என்றார். அட்டையைப் பார்த்த பத்திரிகைக்காரர், இருபத்தோரு வயதிலும் பப்பியா என்று சிரித்தார். என்ன ரகசியம், என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். நான் தயிர்சாதம் என்றேன். நீதான் முன்னால் வந்து, ஒன்பது நாள் தேடியதையும் வடலூருக்கு நடந்ததையும் சொன்னாய். அவர் எழுதிக்கொண்டார். பேப்பரில் என் போட்டோவுக்குக் கீழே அது அச்சாகி வந்தது. தெருவில் என்னைப் பார்க்கிறவர்கள் கும்பிட்டார்கள். டாக்டரம்மா மட்டும் போகும்போது பப்பியின் பின்னங்காலைத் தடவிப் பார்த்து, "எலும்பு கூடுறதுக்கு முன்னாடி ரொம்ப நடந்திருக்கா போல" என்றார். நான் தடுப்பூசி அட்டையை உள்ளே எடுத்துப்போய் வைத்தேன்.

அதற்கு இரண்டு மாதம் முன்பு, பென்ஷனுக்கு உயிர்ச்சான்று கொடுக்க பேங்க் வரிசையில் நின்றபோது அந்தப் பழைய இன்சார்ஜைப் பார்த்தேன். மெலிந்துபோய்த் தடியூன்றி நின்றார். பேச்சுவாக்கில், நீங்கள் சொன்னதற்காக ஒருமுறை என் நாயைக் கொண்டுபோய் விட்டுவிட்டேன் என்றேன். அவர் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். "நானா சொன்னேன்? எனக்கு ஞாபகமே இல்லையே சார். எனக்கு நாய்ன்னா புடிக்குமே" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. இரண்டு நாள் என் மனசில் அவர் மேல் கோபம் இருந்தது. பிறகு அதையும் விட்டுவிட்டேன். ஏதாவது பண்ணுங்கள் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம், எதைப் பண்ணுவது என்று தீர்மானித்தது நான்.

அவள் போன காலையைப் பற்றி உனக்குச் சொன்னதெல்லாம் நிஜம். கோணியோடு தூக்கி இளவெயிலில் படுக்கவைத்தேன், இரண்டு வாய் தயிர்சாதம் தின்றாள், மூன்றாவது வாயை நக்கிவிட்டு என் உள்ளங்கையிலேயே தாடையை வைத்துக்கொண்டாள். கை மரத்துப்போனதால் மெல்ல இழுத்தேன். அப்போதுதான் தெரிந்தது.

தம்பி, உன் வீட்டுக்கு ஒரு பிள்ளை வரப்போகிறது. நான் உனக்கு அறிவுரை சொல்லும் இடத்தில் இல்லை, ஆனால் தெரிந்ததைச் சொல்கிறேன். பிள்ளைகள் நம்மைப் பற்றி நல்லதாக நினைப்பதற்கு அதிகம் ஒன்றும் தேவைப்படுவதில்லை. நாம் ஒரு "ம்" சொன்னால் போதும், மீதியை அவர்களே செய்துவிடுவார்கள். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பது மிகவும் சுகமாக இருக்கும். நாள் ஆக ஆக வாய் திறப்பது கஷ்டமாகும். உன் பிள்ளையிடம் நீ தப்புச் செய்வாய், செய்யாமல் இருக்க முடியாது. அன்றைக்கோ மறுநாளோ சொல்லிவிடு. பிள்ளை அழட்டும், இரண்டு நாள் பேசாமல் இருக்கட்டும். பதினொரு வயதில் நீ தாங்கியிருப்பாய் என்றுதான் இப்போது தோன்றுகிறது. தாங்கமாட்டேன் என்று பயந்தவன் நான். இன்னொன்று. யாராவது உன்னிடம் சிரித்துக்கொண்டே ஏதாவது கேட்டால், அதற்காக வீட்டிலிருப்பவர்களில் யாரைக் கொடுக்கிறாய் என்று ஒரு நிமிஷம் நின்று பார். எனக்கு அந்த ஒரு நிமிஷம் தோன்றவில்லை.

நேற்று உன் அம்மாவிடம், அவனுக்கு எழுதப்போகிறேன் என்றேன். எதைப் பற்றி என்றாள். சொன்னதும் காய் நறுக்கிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டாள். "இன்னுமா சொல்லல? அவன் கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லியிருப்பீங்க, அவன் பெரிய மனசு பண்ணி ஒங்கள விட்டுக்குடுக்காமப் பேசறான்னுல்ல நான் இத்தன நாள் நெனச்சுகிட்டு இருக்கேன்" என்றாள். அதற்கப்புறம் அவள் என்னோடு வெகுநேரம் பேசவில்லை. அதுவும் எனக்குச் சேரவேண்டியதுதான்.

என்னைப் பற்றி நீ சொல்லிவந்த கதையை இனி எப்படிச் சொல்வது, சொல்வதா வேண்டாமா என்பதை நீயே முடிவுசெய்துகொள். உடனே போன் செய்யவேண்டாம். நாலு நாள், ஒரு மாதம், உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது செய். சாயங்காலம் போன் அடிக்காவிட்டால் ஏன் என்று எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டு இருப்பேன். கோபித்துக்கொண்டு பேசினாலும் கேட்டுக்கொள்வேன், நடுவில் மழையைப் பற்றிக் கேட்கமாட்டேன்.

கவரில் விலாசம் எழுதியாகிவிட்டது. தபால் ஆபீஸ் பக்கம்தான், நானே போய்ப் போட்டுவிட்டு வருகிறேன் என்றேன். உன் அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள், தானும் வருகிறாளாம். ஒட்டியதும் கவரைத் தன்னிடம் கொடுத்துவிடச் சொல்கிறாள்.

அப்பா